ஜப்பானிய மொழியில் தேர்தற் சொற்கள்

தமிழில் இன்று 'வாக்கு' என வழங்கும் சொல்லின் அடிப்பொருள் பேச்சு என்பதாகும். வாயினின்று பிறக்கும் மொழியே, ஒருவர்க்குத் துணைநிற்பதாகக் கொடுக்கும் உறுதிமொழியாய், பின்னர்த் தேர்தற் களத்துக்குரிய குறியீடாயிற்று. பேச்சு வழக்கிலுள்ள 'ஓட்டு' என்னும் ஆங்கிலச் சொல்லும், இலத்தீன மொழியில் நேர்ந்துகொள்ளுதலைக் குறித்த ஒரு சொல்லினின்று கிளைத்ததே. இவ்விரண்டும் வாயுரையைச் சார்ந்தன. ஜப்பானிய மொழியில் இப்பொருள்பற்றி வழங்கும் தலைமைச் சொல்லோ 'ஹ்யோ' என்பது. அதன் பொருள் துண்டுச்சீட்டு. வாக்களித்தலைக் குறிக்கும் 'தோஹ்யோ' என்னும் தொடர்ச்சொல் 'சீட்டு எறிதல்' எனப் பிரிந்து பொருள் தரும். வாயுரை ஒரு மொழியின் தேர்தற் சொற்களுக்கு வேராக, எழுதிய சீட்டு மற்றொரு மொழியின் தேர்தற் சொற்களுக்கு வேராக நின்றமை சொல்லாராய்ச்சியாளர் கருத்தை ஈர்ப்பதாகும். அவ்வேற்றுமை சொல்லளவில் நின்றொழியாது, ஜப்பானியரின் தேர்தற் சட்டத்தையும், வேட்பாளர் தெருவில் நடந்துகொள்ளும் முறையையும், வாக்குரிமைக்காக நடந்த போராட்டத்தின் சொல்லாட்சியையும் வடிவமைத்துள்ளது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜப்பானியச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தால் முற்றக் காட்டல் இயலாது. இயன்றவரை ஒத்த எழுத்துக்களால் எழுதுகின்றோம். அச்சொற்களிற் பெரும்பாலன சீன எழுத்துக்களால் ஆயவை ஆதலின், ஒவ்வோர் எழுத்தும் தனக்கெனப் பொருளுடையது என்பதை மட்டும் படிப்போர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதற்கண், தேர்தல் என்பதற்குரிய 'சென்க்யோ' என்னும் சொல்லைக் காண்போம். இஃது ஈரெழுத்தால் ஆயது. முன்னது தெரிந்தெடுத்தல் என்றும், பின்னது உயர்த்துதல் என்றும் பொருள்படும். இச்சொல் பழஞ்சீனத்தில் மக்கள் தம் பேராளரைத் தேர்ந்தெடுத்தலைக் குறித்ததன்று. ஹான் மரபினர் ஆட்சிக் காலத்தில், நாட்டின் பகுதிகளை ஆண்ட அதிகாரிகள் தத்தம் பகுதியிலுள்ள நல்லொழுக்கமும் கல்வியும் உடையாரை அரசவைக்குப் பரிந்துரைத்தனர். அரசு அவர்களை ஆராய்ந்து பதவியில் உயர்த்திற்று. அம்முறைக்கே இப்பெயர் வழங்கிற்று. பிற்கால அரச மரபுகளின் வரலாற்று நூல்களுள், 'புதிய தாங் வரலாறு' முதலியவற்றில், இப்பெயரால் தனிப்பகுதியே அமைந்துள்ளது. அதிகாரிகளைத் தேர்ந்து அமர்த்தும் முறையும் தேர்வுகளும் ஆங்குக் கூறப்படுகின்றன. ஆகவே, எழுத்தளவில் இச்சொல் மேலிருப்பவன் கீழிருப்பவனைத் தெரிந்து கைதூக்கி விடுதலைச் சொல்வது. மெய்ஜி காலத்து ஜப்பானியர் மேலைநாட்டு அரசியலமைப்பைத் தழுவியபோது இப்பழஞ்சொல்லையே புதுப்பொருளுக்கு ஆக்கினர். சொல் மாறவில்லை, தெரிபவனும் தெரியப்படுபவனும் இடம் மாறினர்.

இம்மாற்றம் தமிழர்க்குப் புதிதன்று. 'தேர்தல்' என்னும் நம் சொல்லும் ஆராய்ந்து தெளிதலைக் குறிப்பது. திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்துதெளிதல், அரசன் வினைசெய்வாரை ஆராய்ந்து அமர்த்தும் திறத்தையே பேசுகின்றது. அரசன் குடிகளுள் ஒருவனைத் தேர்தலைக் குறித்த வினை, குடிகள் ஆள்வாரைத் தேர்தலுக்கு இரு மொழிகளிலும் ஆயிற்று. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்தமைக்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆனால் 'சென்க்யோ' புகுத்தப்படுவதற்கு முன்னரே, சீட்டிட்டு ஒருவரைத் தெரியும் வழக்கம் ஜப்பானியச் சிற்றூர்களில் இருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'இரெஃபுதா'. 'இரெ' என்பது உள்ளிடுதல். 'ஃபுதா' என்பது சிறு பலகை அல்லது சீட்டு. இரண்டும் சீனத்தினின்று வந்தன அல்ல. ஜப்பானிய மொழியின் சொந்தச் சொற்கள். எதோ காலத்தில் (1603 - 1868) ஊர்த்தலைவரைப் பல ஊர்களில் வழிவழி உரிமையாலோ மேலதிகாரியின் ஆணையாலோ அமர்த்தினர். வேறு பல ஊர்களில் நிலமுடைய குடித்தலைவர் ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சீட்டில் எழுதியிட்டுத் தெரிந்தனர். இதே முறை ஊரில் களவு நிகழ்ந்தவிடத்தும் கையாளப்பட்டது. கள்வன் இன்னான் என ஐயுறும் பெயரை ஒவ்வொருவரும் எழுதியிடுவர். பெயர் மிகுதியாக வந்தவன் ஒறுக்கப்படுவான். தலைவனைத் தெரிதற்கும் கள்வனைத் தெரிதற்கும் ஒரே சொல்லும் ஒரே செயலும் போதியவாய் இருந்தன என்பது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். எனினும், பெயரை வாயாற் சொல்லாமல் எழுத்தால் மறைவாகத் தெரிவிக்கலாம் என்பதே அம்முறையின் பயன். அஃது இரு செயலுக்கும் பொதுவே.

இச்சொல் தேசிய அரசியலிலும் சிறிது காலம் ஆட்சி பெற்றது. 1868-இல் புதிய அரசு வெளியிட்ட ஆட்சியமைப்பு ஆவணம், உயர் பதவியினரைப் 'பொதுத் தெரிவுச் சீட்டிடல்' முறையால் அமர்த்துக என விதித்தது. ஆங்கு ஆளப்பட்ட எழுத்துக்கள் 'இரெஃபுதா' என்பதற்குரியவையே. 1869-இல் உயரதிகாரிகள் தம்முள் சீட்டிட்டு உயர்பதவியினரைத் தெரிந்தனர். சஞ்ஜோ சனெதோமி தலைமைப் பதவிக்குத் தெரியப்பட்டார். அதன்பின் அம்முறை கைவிடப்பட்டது. சொல்லும் வேறு துறைக்குச் சென்றது. அதே ஈரெழுத்தைச் சீனவழி ஒலிப்பில் 'நியூசத்சு' எனப் படித்து, ஒப்பந்தப்புள்ளி கேட்டலுக்கும் ஏலத்துக்கும் இன்று வழங்குகின்றனர். தேர்தற் சீட்டுக்கு 'ஹ்யோ' நிலைத்தது. விலைச் சீட்டுக்குப் பழஞ்சொல் நிலைத்தது. ஒரு சொல்லின் இரு பொருளைப் பிரித்தற்கு மொழி இரண்டாவது சொல்லொன்றைக் கொண்டுவந்து வைத்தது என்க.

'இரெஃபுதா' என்னும் பெயரிலேயே கிகுச்சி கன் 1921-இல் ஒரு சிறுகதை எழுதினார். குனிசதா சூஜி என்னும் புகழ்பெற்ற சூதாட்டத் தலைவன் அரசின் காவலர்க்கு அஞ்சி ஓடும்போது, தன்னோடு வரத்தக்க சிலரை மட்டும் அழைத்துச் செல்ல வேண்டியவனாகின்றான். தானே பெயர் சொன்னால் மற்றவர் மனம் நோகும் என்று எண்ணி, தொண்டர்களையே சீட்டிட்டுத் தெரியச் செய்கின்றான். அவருள் மூத்தவன் ஒருவன், தனக்குச் சீட்டு வாராதென அஞ்சித் தன் பெயரைத் தானே எழுதி இடுகின்றான். அவனுக்குக் கிடைத்தது அவ்வொரு சீட்டே. வழியில் மற்றொருவன், 'உனக்குச் சீட்டிட்டவன் நான்' எனப் பொய் கூற, அப்பொய்யை மறுக்கவும் இயலாது நாணிக் குறுகுகின்றான் அம்மூத்தவன். எழுதிய கை ஒன்றே அறியும் மறைவு எத்துணை வலியதோ, அத்துணை சுடுவதும் ஆகும் என்பதை அக்கதை காட்டுகின்றது. வாயாற் சொல்லும் வாக்கில் இந்நாணத்துக்கு இடமே இல்லை.

சீட்டிடுதலோடு சேர்த்து நோக்கற்பாலது குலுக்கல். அதற்கு ஜப்பானியர் 'குஜி' என்பர். 1428-இல் அஷிக்காகா மரபின் படைத்தலைவர் பட்டத்துக்கு உரிமையாளரை, இவஷிமிசு ஹசிமான் கோயிலில் குஜி எடுத்துத் தெரிந்தனர். துறவு பூண்டிருந்த யோஷினோரி என்பார் அங்ஙனம் பட்டம் பெற்றார். பிற்காலத்தார் அவரைக் 'குஜிப் பட்டத்தார்' என்னும் பொருள்பட அழைத்தனர். இங்கு ஒன்று கூறுதல் பொருந்தும். உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையைத் 'தேர்தல்' எனப் பலர் எழுதி வருகின்றனர். ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தலாகிய அம்முறை, ஜப்பானியச் சொல்லால் 'குஜி'யே அன்றி 'இரெஃபுதா' ஆகாது. ஆங்கு ஓலைகள் எண்ணப்படவில்லை, எடுக்கப்பட்டன. இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டு வழங்கும் மொழியின் துணையால் நம் கல்வெட்டின் பொருள் தெளிவுறுகின்றது. இன்றைய ஜப்பானியச் சட்டத்திலும் குஜி முற்றும் மறையவில்லை. 1950-ஆம் ஆண்டுப் பொதுப்பதவித் தேர்தற் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, இருவர் சம எண்ணிக்கை பெற்றவிடத்துக் குஜியால் முடிவு செய்க என்கின்றது. வெற்றி பெறுதலுக்குரிய சொல் 'தோசென்' என்பது. இது 'தெரிவு பொருந்துதல்' என எழுதப்படும். குலுக்கலில் பரிசு விழுதலும் ஒலியளவில் 'தோசென்'னே. எழுத்தில் மட்டும் 'குஜி பொருந்துதல்' என வேறுபட்டது. செவி ஒன்றாகக் கேட்பதைக் கண் இரண்டாகக் காணும் இத்தன்மையைப் பின்னரும் காண்போம். ஆண்டு அது விளையாட்டாக நில்லாது.

இனி 'ஹ்யோ' என்னும் சொல்லின் ஒலிபற்றிச் சிறிது கூறுவோம். எண்ணுப்பெயரோடு புணரும்போது இஃது உருவம் மாறும். இரண்டு சீட்டு 'நிஹ்யோ'. ஒரு சீட்டு 'இப்ப்யோ'. மூன்று சீட்டு 'சம்ப்யோ' (இதன்கண் மெல்லெழுத்தை அடுத்த பகரம் ஒலிப்புடையதாய் ஒலிக்கும்). ஹகரம் ஒருகால் இரட்டித்த பகரமாயும் ஒருகால் மெல்லினத்தின்பின் ஒலிப்புடைப் பகரமாயும் நிற்பதற்குக் காரணம், பழைய ஜப்பானியத்தில் அது பகரமாகவே இருந்தமையாகும். மொழிமுதற் பகரம் காலப்போக்கில் ஹகரமாய் நெகிழ்ந்தது. இரட்டித்து வலிபெற்ற இடத்துமட்டும் பழைய ஒலி காக்கப்பட்டது. தமிழில் பால், பூ, பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹூவு, ஹத்து என நிற்றலை நன்கறிந்த நம் மாணவர்க்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும். தேர்தற்காலத்தில் ஜப்பானியச் சுவர்களிலெல்லாம் காணப்படும் 'கியோக்கி இப்ப்யோ', அஃதாவது 'தூய ஒரு சீட்டு', என்னும் தொடரில் பழம் பகரமும் பழைய இலக்கணமும் ஒருங்கே வாழ்கின்றன. தூய என்பதற்கு இக்கால வழக்கு 'கியோயி' என்றே வரும்; 'கியோக்கி' என்பது செய்யுள் வழக்கின் பெயரெச்ச வடிவு. விலைகொடுத்து வாங்கலாகாத ஒன்றைச் சுட்டுதற்குப் பழைய நடையே தக்கதென அவர்கள் கருதினர் போலும்.

சீட்டு என்பது சொல்லின் வேராக நின்றமையின், அச்சீட்டில் எழுதுவது யார் என்பது சட்டத்தின் வேராயிற்று. பல நாடுகளில் வாக்காளர் அச்சிட்ட பெயரின்மேலோ சின்னத்தின்மேலோ ஒரு குறியிடுவர். ஜப்பானிலோ, நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் வெற்றுச் சீட்டைப் பெற்று, மறைவிடத்தில் ஒட்டப்பட்டுள்ள பெயர்ப்பட்டியை நோக்கி, தாம் விரும்பும் பெயரைத் தம் கையால் எழுதல் வேண்டும். இதனை 'ஜிஷோஷிக்கி', தன்னெழுத்து முறை, என்பர். 1889-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 1890 ஜூலை 1-இல் நடந்த முதற்பொதுத் தேர்தலில், வேட்பாளர் பெயரோடு வாக்காளர் தம் பெயரையும் எழுதி முத்திரையிட வேண்டியிருந்தது. அது 'கிமெயி தோஹ்யோ', பெயர்குறித்த சீட்டிடல். 1900-இல் அது நீக்கப்பட்டு 'முகிமெயி', பெயர்குறியாமை, விதியாயிற்று. முன்னொட்டாக வந்த 'மு' இன்மைப் பொருளது. அவ்வோரெழுத்துச் சேர்ந்தமையால் நிலக்கிழார்க்கு அஞ்சிய வாக்காளன் மறைவைப் பெற்றான். எனினும் வேட்பாளர் பெயரை எழுதும் கடமை நீங்கவில்லை. 1994-ஆம் ஆண்டுத் தேர்தற் சீர்திருத்தத்தில் கீழவைத் தேர்தலுக்குக் குறியிடும் முறை ஏற்கப்பட்டதாயினும், ஒரு பொதுத் தேர்தலிலேனும் அது வழங்குமுன் 1995-இல் மீண்டும் தன்னெழுத்து முறைக்கே திரும்பினர்.

இம்முறையினின்று ஒரு சொற்குடும்பமே தோன்றியுள்ளது. வெறுஞ்சீட்டு 'ஹக்குஹ்யோ' (வெண்சீட்டு). செல்லாச் சீட்டு 'முக்கோஹ்யோ'. படித்து உறுதி செய்ய இயலாதது 'கிமோன்ஹ்யோ' (ஐயச்சீட்டு). பெயரோடு வேறெதனையும் எழுதினால், அது வாழ்த்துரையே ஆயினும், 'தஜி கிசாயி' (பிறபொருள் எழுதல்) என்னும் குற்றத்தால் சீட்டுச் செல்லாதாம். எழுத்துப்பிழை இருப்பினும் எண்ணம் இன்னதெனத் தெளியுமாயின் சீட்டு ஏற்கப்படும். ஆகவே எண்ணுமிடத்து அதிகாரிகள் ஒருவாறு ஏட்டுச்சுவடி பதிப்பிப்பாரை ஒப்பர். கிறுக்கலையும் விடுபட்ட கோட்டையும் நோக்கி, எழுதினான் கருதிய பாடம் யாதெனத் துணிகின்றனர்.

இவற்றுள் மிக்க சுவையுடையது 'அம்புன்ஹ்யோ', பகிர்வுச் சீட்டு. ஒரே தொகுதியில் 'சத்தோ' என்னும் குடிப்பெயருடையார் இருவர் போட்டியிடுகின்றனர் எனக் கொள்வோம். வாக்காளர் ஒருவர் 'சத்தோ' என்று மட்டும் எழுதினால், அச்சீட்டு எவர்க்குரியது? சட்டம் அதனைத் தள்ளுவதில்லை. இருவரும் பெற்ற தெளிவான சீட்டுக்களின் விகிதத்திற்கேற்ப அதனை இருவர்க்கும் பிரித்தளிக்கின்றது. அதனால் ஜப்பானியத் தேர்தல் முடிவுகளில் ஒருவர் பெற்ற எண்ணிக்கை பின்னத்தோடு அறிவிக்கப்படுதலைக் காணலாம். 2021-ஆம் ஆண்டுக் கீழவைத் தேர்தலில், இரு வேறு கட்சிகள் 'மின்ஷுத்தோ' (மக்களாட்சிக் கட்சி) என்னும் ஒரே சுருக்கப்பெயரைப் பதிந்திருந்தமையால், கட்சிக்கு இடும் சீட்டுக்களும் இவ்வாறே பகிரப்பட்டன. வாயுரையாகிய வாக்கைப் பின்னமாக்க முடியுமோ? சீட்டை முடிகின்றது.

எழுதுதல் கடமையாயின், எழுத இயலாதார் நிலை என்ன என்னும் வினா எழும். கண்ணிலார் தொட்டெழுதும் புள்ளியெழுத்தைச் சட்டம் 1925-லேயே எழுத்தாக ஏற்றது. எழுதமாட்டாதார்க்கு அதிகாரி எழுதித்தரும் 'தயிரி தோஹ்யோ' (பதிலாள் சீட்டிடல்) என்னும் முறையும் இன்று உண்டு. வேட்பாளரும் தம் பெயரின் கடிய சீன எழுத்தை விடுத்து, எளிய ஹிரகனா எழுத்தில் விளம்பரம் செய்கின்றனர். பெயர் வாக்காளர் நினைவில் நின்றாலன்றிக் கையில் வாராது. ஆதலின் ஒலிபெருக்கி பூட்டிய 'சென்க்யோ கா' என்னும் தேர்தல் வண்டியில் அமர்ந்து, கொள்கையைச் சொல்லாது பெயரையே திரும்பத்திரும்பக் கூவுகின்றனர். இதற்குச் சட்டம் இட்ட பெயர் 'ரெங்கோ', தொடர்ந்து அழைத்தல். அதனைக் காலை 8 மணி முதல் இரவு 8 மணிவரை என வரையறுத்துள்ளனர். வண்டியில் இனிய குரலால் பெயர் அழைக்கும் பெண்ணை 'உகுயிசு' என்னும் பாடும் பறவையின் பெயரால் அழைத்தனர். அயல்நாட்டார் ரெங்கோவைப் பயனற்ற கூச்சல் என இகழ்வர். எமக்கு அது தன்னெழுத்து முறையின் நேர் விளைவாகவே தோன்றுகின்றது.

சட்டச் சொற்கள் பெரும்பாலும் சீனவேர்ப் பிறந்து விறைப்பாக நிற்க, களத்துச் சொற்கள் போரிலும் உழவிலும் பிறந்து உயிரோடு உலவுகின்றன. வேட்பாளராதல் 'ஷுத்சுபா', குதிரைமேற் புறப்படுதல். இருவர் மட்டும் பொருதல் 'இக்கியுச்சி', ஒற்றைக் குதிரைவீரர் இருவர் மோதுதல். வாக்கை விலைக்கு வாங்கும் பணம் 'ஜித்சுதான்', உண்மைக் குண்டு. ஒரு கட்சிக்கு மிகுதியாகச் சீட்டு விளையும் பகுதி 'ஹ்யோதென்', சீட்டு வயல். நம் நாட்டில் அதனை வங்கியாக உருவகித்தல் போல அவர்கள் நெல்வயலாக உருவகித்தனர். நட்டுக் காத்து அறுக்க வேண்டியதென்னும் கருத்து வங்கியில் இல்லை. வேட்பாளர்க்கு வேண்டியவை மூன்று 'பான்' என்பர்: 'ஜிபான்' (காலூன்றும் நிலம், அஃதாவது ஆதரவாளர் கூட்டம்), 'கம்பான்' (பெயர்ப்பலகை, அஃதாவது புகழ்), 'கபான்' (கைப்பை, அஃதாவது பணம்). இயைபால் நினைவிற் பதிந்த இத்தொடர், தந்தை தொகுதியை மைந்தன் கைக்கொள்ளும் வழக்கத்தையும் விளக்கவல்லது. மேலைச் சொற்களும் ஒருசில புகுந்துள்ளன. 'கோயக்கு' (பொதுவுறுதி) என்னும் சொல் இருக்கவும், 2003-இல் 'மனிஃபெசுத்தோ' என்னும் சொல் நாடெங்கும் பரவி, அவ்வாண்டின் புதுவழக்குச் சொற்களுள் ஒன்றாகப் பரிசும் பெற்றது. உறுதிகள் நிறைவேறாமையால் பழஞ்சொல் தேய்ந்தது போலும். புதுச்சொல்லும் அத்தேய்வுக்குத் தப்பிற்றில்லை.

வேட்பாளர் என்பதற்குரிய 'கோஹோஷா' தனியே நோக்கத்தக்கது. நம் பழைய 'அபேட்சக'ரும் இன்றைய 'வேட்பாள'ரும் விருப்பத்தைச் சுட்டுவன. 'கோஹோ' என்பதோ காலியிடம் நிரப்பக் காத்திருத்தல். சீனத்தின் சிங் ஆட்சியில் பதவி பெறத் தகுதியுற்றும் இடமின்றிக் காத்திருந்த அதிகாரிக்கு அதுவே பெயர். தோல்வி 'ரக்குசென்', தெரிவினின்று விழுதல். மரத்தினின்று விழுந்தாலும் குரங்கு குரங்கே, தேர்தலில் விழுந்த உறுப்பினனோ வெறும் மனிதன் என்னும் கருத்தமைந்த பழமொழி போன்ற ஒரு கூற்றை ஓனோ பம்போக்கு என்னும் அரசியலாளர்க்கு உரியதாக்குவர். விழுதல் என்னும் வினை இரண்டிடத்தும் ஒன்றாய் நிற்றலே அதன் நயம். வாக்குரிமை 'சென்க்யோகென்', தேர்ந்தெடுக்கப்படும் உரிமை 'ஹிசென்க்யோகென்'. இங்கு முன்னொட்டாகிய 'ஹி' துன்பம் முதலியன மேலுறுதலைக் குறித்துப் பின் செயப்பாட்டுப் பொருளைத் தந்தது. நம் 'படு' என்னும் துணைவினையும் துன்புறுதலைக் குறிக்கும் வினையினின்று செயப்பாட்டுக்கு வந்தமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இனி, முன்னர்க் குறித்த செவியும் கண்ணும் மாறுபடும் இடத்துக்கு வருவோம். 1890-இல் வாக்குரிமை பெற்றவர், 15 யென்னுக்குக் குறையாது நேர்வரி செலுத்திய, 25 வயது நிரம்பிய ஆடவர் மட்டுமே. அவர் ஏறத்தாழ நாலரை இலட்சத்தவர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் அளவினர். வரியளவு 1900-இல் 10 யென்னாகவும், 1919-இல் 3 யென்னாகவும் குறைந்து, 1925-இல் முற்றும் நீங்கிற்று. அதற்காக நடந்த இயக்கத்தின் முழக்கம் 'ஃபுத்சூ சென்க்யோ'. 'ஃபுத்சூ' என்பது எங்கும் பரந்து செல்வது எனவும், அன்றாட வழக்கில் இயல்பானது எனவும் பொருள்படும். தொடர் சுருங்கி 'ஃபுசென்' ஆயிற்று. 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்காளர் தொகை ஏறத்தாழ 33 இலட்சத்தினின்று 1 கோடியே 24 இலட்சமாயிற்று. ஆயினும் எங்கும் பரந்ததென்னும் பெயருடைய அத்தேர்தலில் பெண்டிர் ஒருவர்க்கும் இடமில்லை.

பெண்டிர் இயக்கத்தார் இதற்கு விடையிறுத்த முறை சொல்லாராய்ச்சியாளர் போற்றத்தக்கது. பெண் என்னும் பொருளுடைய 'ஃபு' என்னும் வேறோர் எழுத்தை முதலில் நிறுத்தி, 'பெண் தேர்தலுரிமை' என்பதையும் 'ஃபுசென்' என்றே சுருக்கினர். இசிகாவா ஃபுசாயெ (1893 - 1981) முதலியோர் 1924-இல் தொடங்கிய சங்கம், 1925-இல் 'ஃபுசென் ககுத்தொக்கு தோமெயி' எனப் பெயர் மாறிற்று. 1927 முதல் 'ஃபுசென்' என்னும் பெயரிலேயே இதழும் வெளியிட்டது. மேடையிற் பேசுங்கால் அது ஆடவர் பெற்ற ஃபுசென்னோ பெண்டிர் கேட்கும் ஃபுசென்னோ எனச் செவிக்குத் தெரியாது. எழுதிக் காட்டினாலன்றி விளங்காது. எங்கும் பரந்தது என்னும் சொல்லில் எவர் விடுபட்டனரோ அவர், அச்சொல்லின் ஒலிக்குள்ளேயே புகுந்து அமர்ந்தனர். அவ்வெழுத்தின் வடிவும் குறிக்கத்தக்கது. பெண்ணைக் குறிக்கும் உருவோடு துடைப்பத்தைக் குறிக்கும் உரு சேர்ந்தது அது என்பது மரபுரை. துடைப்பத்தை ஏந்திய எழுத்தைக் கொடியாக உயர்த்தினர் எனலாம்.

இக்கோரிக்கைக்கு முன்னோடியும் உண்டு. கொச்சி நகரத்துக் குசுனொசெ கிதா (1836 - 1920) என்னும் கைம்பெண், கணவன் இறந்தபின் குடித்தலைமை ஏற்று வரி செலுத்தி வந்தார். 1878-இல் தமக்கு வாக்கில்லை என்பதை அறிந்து, உரிமையில்லாதவிடத்து வரியும் இல்லை என மறுத்து அதிகாரிகளுக்கு விண்ணப்பித்தார். 1880-இல் அந்நகரின் கமிமாச்சி என்னும் பகுதியில் குடித்தலைவியர்க்கு ஊர்மன்றத் தேர்தலில் வாக்குரிமை அளிக்கப்பட்டது; 1884-இல் மைய அரசு சட்டத்தை மாற்றி அதனைப் பறித்தது. அவர் தம் உரிமைக்கு அடிப்படையாகக் காட்டிய சொல் 'கொஷு', குடித்தலைமை. இதிலுள்ள 'கொ' கதவைக் குறிக்கும் எழுத்து, வீட்டுக்கும் ஆகிவந்தது. வீடுதோறும் சென்று வாக்குக் கேட்டலாகிய 'கொபெத்சு ஹோமோன்' என்பதிலும் அதுவே உண்டு. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த அச்செயல் இன்றும் தடையிலேயே உள்ளது. குடிப்பதிவேடாகிய 'கொசெக்கி' என்பதிலும் அக்கதவே நிற்கின்றது. இம்மூன்றாவது சொல் 1945-இல் பெருவினை விளைத்தது.

அவ்வாண்டுக்கு முன், ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்ட கொரியரும் தாயிவானியரும், ஜப்பானிலேயே வாழ்ந்த ஆடவராயின், வாக்களிக்கவும் தேர்ந்தெடுக்கப்படவும் உரிமை பெற்றிருந்தனர். 1930-ஆம் ஆண்டுத் தேர்தலில் கொரிய எழுத்தால் பெயர் எழுதிய சீட்டும் செல்லும் என உள்துறை ஏற்றது. 1932-இல் பக் சுன் கும் என்னும் கொரியர் தோக்கியோவினின்று கீழவைக்குத் தெரியப்பட்டார். எழுதும் கையை மட்டுமே நோக்கிய சட்டம் எழுத்தின் இனத்தை அன்று விலக்கவில்லை. போருக்குப்பின், 1945 டிசம்பரில் இயற்றிய சட்டம், 20 வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. 1946 ஏப்ரல் 10-இல் நடந்த தேர்தலில் பெண்டிர் முதன்முறையாகச் சீட்டெழுதினர். 39 பெண்டிர் உறுப்பினராயினர். இரண்டு ஃபுசென்னும் அன்று பொருளாலும் ஒன்றாயின. அதே சட்டத்தின் துணைவிதி ஒன்று, கொசெக்கிச் சட்டத்துக்கு உட்படாதாரின் வாக்குரிமையையும் தேர்ந்தெடுக்கப்படும் உரிமையையும் 'இப்போதைக்கு' நிறுத்திவைத்தது. கொரியர் என்றோ தாயிவானியர் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. அவர்தம் குடிப்பதிவு ஜப்பானியக் கொசெக்கியில் இல்லாமையே போதியதாயிற்று. 1950-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே தொடரைத் தன் துணைவிதியில் எடுத்தாண்டது. 1952-இல் அமைதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையையே இழந்தனர்.